ராமச்சந்திரனுக்கும் ஒரு பத்தி வேண்டும்

புரதங்களின் வடிவத்தைக் கணினியே கணித்துச் சொல்வது பற்றிய உங்கள் கட்டுரை நன்றாக இருந்தது. 2024 வேதியியல் நோபல் வரை எழுதிவிட்டு, ஜி.என்.ராமச்சந்திரனை விட்டுவிட்டீர்களே என்பதுதான் வருத்தம். இதே சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு, 1954-ல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்துக்கு மூவிழை அமைப்பைச் சொன்னவர் அவர்.

நான் ராயபுரத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். எல்லாரும் காசிமேட்டு மீன் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். மீன் தலைக் குழம்பை ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் தளதளவென்று உறைந்து நிற்கும் அல்லவா, அங்கிருந்துதான் கொலாஜனைத் தொடங்குவேன். கொதிக்கும்போது மூன்று இழைகளும் பிரிந்து ஜெலட்டின் ஆகிவிடுகின்றன. ஆறியதும் அங்கங்கே மறுபடி பின்னிக்கொண்டு தண்ணீரைப் பிடித்து வைக்கின்றன. அப்புறம்தான் முக்கியமான விஷயம். பின்னலில் உள்ள ஒவ்வோர் இழையிலும் மூன்றுக்கு ஓர் இடத்தில், புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியதான கிளைசின் இருந்தே ஆக வேண்டும். ஏன்? இழைகள் நெருங்கும் நடுப்பகுதியில் பக்கச் சங்கிலியாக, அதாவது அமினோ அமிலத்திலிருந்து பக்கவாட்டில் நீட்டும் பகுதியாக, ஒரு ஹைட்ரஜன் அணுவுக்குத்தான் இடம்; கிளைசினுக்கு இருப்பதும் அவ்வளவுதான். அங்கே பெரிய அமினோ அமிலம் ஏதாவது வந்து உட்கார்ந்தால் பின்னல் கெட்டுவிடும். சில குழந்தைகளுக்கு லேசாக இடித்தாலே எலும்பு முறியும் பிறவி நோயில் பல நேரம் நடப்பது இதுதான்.

1963-ல் சசிசேகரன், ராமகிருஷ்ணனுடன் சேர்ந்து ராமச்சந்திரன் வெளியிட்ட, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று காட்டும் வரைபடத்தில் வைத்துத்தான் புதிய புரத அமைப்பு சரியாக இருக்கிறதா என்று இன்றும் பார்க்கிறார்கள். கணினி கணித்த வடிவத்துக்கும் அதே சோதனை உண்டு. அடுத்த பகுதி எழுதினால் சென்னையில் நடந்த இந்த வேலைக்கு ஒரு பத்தியாவது ஒதுக்குங்கள். என் மாணவர்களுக்குப் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பேன்.