மணமகள் அறையில் நடிப்பு வேண்டாம், ஏற்பாடு வேண்டும்

கல்யாண ஆல்பங்களில் இப்போது தவறாமல் வரும் படம் ஒன்று: அம்மா மகளுக்கு ஜிமிக்கி போடுகிறார், மகள் கண்ணாடியைப் பார்த்து லேசாகச் சிரிக்கிறாள். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். மாட்டலின், அதாவது காதிலிருந்து கூந்தலுக்குப் போகும் சங்கிலியின், கொக்கி ஏற்கெனவே கூந்தலில் செருகியிருக்கும், ஜிமிக்கி மட்டும் அம்மா கையில் இருக்கும். தோடு போட்ட பிறகுதானே மாட்டல்? அதாவது எல்லாம் முடிந்தபின் திருகைக் கழற்றி, "அம்மா, இன்னொரு தடவை போடுற மாதிரி கையை வைங்க" என்று சொல்லி எடுத்தது. இதற்குப் பெயர் கேண்டிட், அதாவது நடப்பதை நடிப்பில்லாமல் அப்படியே எடுப்பது. இதற்குத் தனிக் கட்டணம்.

போட்டோகிராபரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நிஜமான கணம் நடந்தபோது அவர் கீழே மேடையில் லைட் ஸ்டாண்ட் நகர்த்திக்கொண்டிருந்திருப்பார். அல்லது அறைக்குள் பதினாலு பேர் நின்றிருப்பார்கள். அல்லது மேக்கப் முக்கால் மணி நேரம் தாமதமாகி, ஜிமிக்கி, ஒட்டியாணம், பூ ஜடை எல்லாம் கடைசி ஏழு நிமிடத்தில் நாலு பேர் கையால் ஒரே நேரத்தில் ஏறியிருக்கும். என் கட்சி இதுதான்: ஆட்களை இயக்காதீர்கள், ஆனால் நேரத்தையும் அறையையும் வெளிச்சத்தையும் முதல் நாளே ஒழுங்கு செய்துவிடுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அறையை அப்படியே விட்டுவிட்டு ஆட்களை நடிக்க வைக்கிறார்கள்.

முதலில் நேரம். முகூர்த்தம் 6.00 முதல் 7.30 என்று வையுங்கள். ஆறு மணிக்குப் பெண்ணை அழைத்துவரச் சொல்வார்கள். 5.30-க்கு அலங்காரம் முழுதாக முடிந்திருந்தால்தான் அந்த அரை மணியில் அப்பா வந்து பார்ப்பது, பாட்டி திருஷ்டி கழிப்பது எல்லாம் தானாக நடக்கும். முக மேக்கப்புக்கு இரண்டு மணி நேரம், புடவை, ஜடை, நகைக்கு ஒன்றேகால் மணி நேரம். பின்னோக்கிக் கணக்குப் போட்டால் 2.15-க்கு மேக்கப் நாற்காலியில் உட்கார வேண்டும். நம் ஊரில் ரிசப்ஷன் முதல் நாள் இரவு. சாப்பாடு, மேடைப் படம் எல்லாம் முடிந்து படுக்கவே பன்னிரண்டு ஆகும். பெண்ணும் தூங்கியிருக்க மாட்டாள், போட்டோகிராபரும் தூங்கியிருக்க மாட்டார். எனவே ரிசப்ஷனை இத்தனை மணிக்கு முடிப்போம் என்று வீட்டார் உறுதியாக இருப்பதுதான் காலைப் படங்களுக்கு முதல் உதவி. எந்த லென்ஸும் இதற்கு ஈடாகாது.

போட்டோகிராபர் 2.15-க்கே அறைக்குள் வரவேண்டியதில்லை. பவுண்டேஷன் பூசிய முகம் சாம்பல் நிறத்தில், புருவமும் உதடும் மறைந்து, யாருக்கும் பிடிக்காத கோலத்தில் இருக்கும். அந்த ஒன்றரை மணி நேரத்தை முகூர்த்தப் புடவை, நகை, தாம்பூலத் தட்டு எடுப்பதற்கு வைத்துக்கொள்ளலாம். சின்னப் பொருளை மிக அருகில் எடுக்கும் 90 அல்லது 100 மிமீ மேக்ரோ லென்ஸ் இருந்தால் ராக்கொடி, நெற்றிச்சுட்டி, மேல்கை வங்கிக்கெல்லாம் இதுதான் நேரம். கண் மை தீட்டத் தொடங்கும்போது அறைக்குள் போனால் போதும். அதற்குப் பின் வரும் ஒரு மணி நேரம்தான் சரக்கு.

இனி வெளிச்சம். "பெண்ணை ஜன்னலோரம் உட்கார வையுங்கள்" என்ற அறிவுரை எல்லா யூடியூப் பாடத்திலும் உண்டு. பகலில் கல்யாணம் நடக்கும் நாடுகளுக்கு அது சரி. சென்னையில் தை மாதம் சூரியன் உதிக்கவே 6.30 தாண்டும். மே மாதக் கடைசியில்கூட 5.40 வாக்கில்தான். ஆறு மணி முகூர்த்தத்துக்கு அலங்காரம் நடக்கும்போது ஜன்னலுக்கு வெளியே கும்மிருட்டு. ஒன்பது மணி முகூர்த்தமாக இருந்தால் மட்டும் ஜன்னலைப் பற்றிப் பேசலாம். கிழக்குப் பார்த்த ஜன்னலானால் ஏழு மணி வெயில் நேரடியாக முகத்தில் அடிக்கும். ஒரு வெள்ளை வேட்டியை ஜன்னலில் ஒற்றையாகக் கட்டிவிட்டால் முதல் தரமான மென்வெளிச்சம் கிடைக்கும். மண்டபத்தில் வேட்டிக்கா பஞ்சம்?

மற்ற நாட்களில் அறை விளக்குகளை நம்பித்தான் ஆக வேண்டும். அங்கே பெரிய வில்லன் கலப்பு வெளிச்சம். கண்ணாடியைச் சுற்றியுள்ள மஞ்சள் பல்புகள், வெளிச்சத்தின் நிறத்தை அளக்கும் கெல்வின் கணக்கில், 3000 வாக்கில் இருக்கும், மேலே ட்யூப் லைட் 6500. ஒரு கன்னம் ஆரஞ்சு, மறு கன்னம் நீலம் கலந்த பச்சை. இதை எடிட்டிங்கில் ஒரே ஸ்லைடரால் சரிசெய்ய முடியாது. ஒரு கன்னத்தைத் திருத்தினால் மறு கன்னம் கெடும். ஒரே வகை விளக்கை மட்டும் எரியவிடுவதுதான் வழி. என் வாக்கு வெள்ளை விளக்குக்கு. மேக்கப் ஆர்ட்டிஸ்டுக்கும் அதுதான் நல்லது, ஏனென்றால் மஞ்சள் பல்பின் கீழ் தேர்ந்த பவுண்டேஷன் நிறம் மேடை வெளிச்சத்தில் வேறாகத் தெரியும். இதைச் சொல்லி அவர் சம்மதத்தோடு சுவிட்சை அணையுங்கள். சொல்லாமல் அணைத்தால் வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள்.

வெளிச்சம் போதவில்லை என்று ஃப்ளாஷைத் திருப்பி அடிப்பவர்கள் சுவரின் நிறத்தைப் பார்ப்பதில்லை. நிறைய மண்டபங்களில் மணமகள் அறைக்கு ரோஸ் அல்லது வெளிர்பச்சை பெயின்ட். அந்தச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் முகத்துக்கும் அதே சாயத்தைப் பூசிவிடும். கூரை வெள்ளையாக இருந்தால் மேலே அடியுங்கள், இல்லையென்றால் ஃப்ளாஷை மறந்துவிட்டு, கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 3200, 6400 வரை ஏற்றுங்கள். இப்போதைய ஃபுல் ஃப்ரேம் கேமராக்கள் அதைத் தாங்கும். கொஞ்சம் புள்ளி தெரிந்தால் குடி முழுகிவிடாது. ஒவ்வொரு நொடியும் பளிச் பளிச்சென்று அடித்தால் அந்த அறையில் யாரும் தன்னை மறந்து இருக்க மாட்டார்கள், அங்கேயே கேண்டிட் முடிந்துபோகும்.

சத்தம் வரக்கூடாது என்று எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் மட்டமான எல்இடி, ட்யூப் விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் வேகம் பொருந்தாவிட்டால் படம் முழுக்கக் கறுப்புப் பட்டை விழும். 1/100 அல்லது 1/50 நொடி பாதுகாப்பானது. அதற்குமேல் வேகம் வேண்டுமென்றால் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, இந்தத் துடிப்பைச் சமாளிக்கக் கேமராவில் உள்ள ஆன்ட்டி ஃப்ளிக்கரைப் போடுங்கள். டிம்மர் வைத்த எல்இடி பட்டைகளில் துடிப்பு இன்னும் பலமடங்கு வேகம், அங்கே 1/100-ம் காப்பாற்றாது. ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்த பிறகே தொடருங்கள்.

அரக்குச் சிவப்புப் பட்டு இன்னொரு பொறி. படத்தின் வெளிச்ச அளவைக் கேமராவில் காட்டும் வரைபடமான பொதுவான ஹிஸ்டோகிராம் ஒழுங்காகத் தெரியும், ஆனால் சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியே காட்டும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமில் சிவப்பு மட்டும் வலது ஓரத்தில் இடித்துக்கொண்டிருக்கும். விளைவு, நெசவே தெரியாமல் புடவை ஒரு சிவப்புத் திட்டாகிவிடும். வெளிச்சத்தை மூன்றில் ஒரு ஸ்டாப் முதல் மூன்றில் இரண்டு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்து எடுத்தால் சிவப்பும் பிழைக்கும், ஜரிகையும் வெளுக்காது.

லென்ஸ் விஷயத்தில் பெரிய ரகசியம் எதுவுமில்லை. பத்துக்குப் பத்து அறையில் 35 மிமீ முக்கால் வேலையைச் செய்துவிடும். 85 மிமீ அழகுதான், ஆனால் முகம் மட்டும்தான் அடங்கும், அதற்கும் முக்கால் மீட்டருக்குமேல் தள்ளி நிற்க வேண்டும். 24 மிமீ லென்ஸில் எடுத்தால் ஓரத்தில் நிற்கும் சித்தியின் முகம் இழுபட்டுவிடும். ஆல்பம் வந்ததும் அவர் கேட்பார். கண்ணாடிப் பிம்பத்தை எடுக்கும்போது ஃபோகஸ் தூரம் கண்ணாடிவரை அல்ல, கண்ணாடி வரையிலும் அங்கிருந்து முகம் வரையிலும் சேர்த்து. லென்ஸின் துவாரத்தை எஃப் 1.4 என்று அகலத் திறந்தால் முன்னால் உள்ள தோளும் பிம்பமும் ஒருசேரக் கூர்மையாக வராது. பிம்பம்தான் படம் என்றால் அதில் வையுங்கள், தோள் மங்கட்டும்.

ஏசி அறையிலிருந்து வராந்தாவுக்கு ஓடும்போது லென்ஸில் பனி படரும். துடைத்தால் மறுபடி படரும், கண்ணாடி வெளிக்காற்றின் சூட்டுக்கு வரும்வரை அது போகாது. காசியாத்திரைக்கு மாப்பிள்ளை குடையோடு கிளம்பும்போது மங்கிய லென்ஸோடு நிற்பதைவிட, இரண்டாவது கேமராவை ஏசி இல்லாத இடத்தில் நம்பகமான ஆளிடம் விட்டுவைப்பது புத்திசாலித்தனம்.

மாப்பிள்ளை அறையைப் பற்றி யாருமே யோசிப்பதில்லை. ஒரு அசிஸ்டென்டை அனுப்பி, வாட்ச் கட்டுவது மாதிரி ஒரு படம், சட்டைப் பொத்தான் போடுவது மாதிரி ஒரு படம், அவ்வளவுதான். உண்மையில் அங்கேதான் சுவாரஸ்யம் அதிகம். பாதிப் பையன்களுக்கு வேட்டி இடுப்பில் நிற்காது. தாய்மாமா ஒருவர் வந்து இறுக்கிக் கட்டுவார், பஞ்சகச்சமென்றால் வாத்தியாரே இழுத்துச் செருகுவார், நண்பர்கள் சுற்றி நின்று கேலி செய்வார்கள். இருபது நிமிடத்தில் முடிந்துவிடும் வேலை. அந்த இருபது நிமிடம் எப்போது என்று கேட்டு வைத்துக்கொண்டு நல்ல ஆளாக அனுப்புங்கள்.

பெண் பக்கத்தில் முன்கூட்டியே மடித்து அயர்ன் செய்த புடவை வந்ததிலிருந்து ஒரு காட்சி அருகிவிட்டது: தரையில் உட்கார்ந்து கொசுவத்தை ஒவ்வொன்றாக இழுத்துவிடும் அத்தை. அது இருந்தால் விடாதீர்கள். ஜடையில் பூ வைத்துத் தைப்பதும் அப்படித்தான். பின்னாலிருந்து எடுங்கள், மேக்கப் ஆர்ட்டிஸ்டின் ரிங் லைட் இல்லாத பக்கமாக. அவருடைய உதவியாளர் ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருந்தால் சண்டை வேண்டாம், இரண்டு நிமிடம் அவருக்கு, பத்து நிமிடம் உங்களுக்கு என்று பேசிக்கொள்ளுங்கள். ட்ரடிஷனல் வீடியோக்காரரின் பெரிய எல்இடிக்கும் இதே பேச்சுவார்த்தைதான்.

அனுமதி பற்றியும் சொல்ல வேண்டும். 1928-ல் பெர்லின் நீதிமன்றத்தில் தொப்பிக்குள் கேமராவை ஒளித்துவைத்துப் படம் எடுத்தார் எரிக் சாலமன். இந்த வகைப் படங்களுக்கு முன்னோடி என்று அவரைக் கொண்டாடுகிறார்கள். அந்த ஒளிவு வேலை மணமகள் அறைக்கு ஆகாது. முந்தானையில் பின் குத்தி முடிக்கும்வரை கேமரா அறைக்கு வெளியே இருக்க வேண்டும், எடுப்பது பெண் போட்டோகிராபராக இருந்தாலும். உள்ளே யார் இருக்கலாம் என்பதைப் பெண்ணிடமே கேளுங்கள், அவள் அம்மாவிடம் அல்ல. ஐந்தாறு பேருக்குமேல் இருந்தால் எல்லா முகமும் கேமராவைத்தான் பார்க்கும். கறாரான ஒரு பெரியம்மாவை வாசலில் நிறுத்திவிட்டால் கூட்டத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

பணம் கொடுப்பவர்கள் அறிய வேண்டியது: 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, கூலி கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் முதல் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கே. பல ஸ்டூடியோக்களின் ஒப்பந்தத்தில் அந்த 'வேறு ஒப்பந்தம்' பொடி எழுத்தில் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். அறைக்குள் எடுத்த படங்களை இன்ஸ்டாகிராமில் போடுவதற்கு முன் மணமகளிடம் கேட்க வேண்டும் என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். இதற்கு மறுக்கும் ஸ்டூடியோவை நான் வைக்க மாட்டேன்.

பெரும்பாலோர் தவறவிடும் இன்னொன்று, கூரைப்புடவை. பல வீடுகளில் சடங்கின் நடுவே பெண் மேடையிலிருந்து இறங்கிப் புடவை மாற்றிக்கொண்டு திரும்புவாள். பத்து, பதினைந்து நிமிட வேலை. நாத்தனாரும் அத்தையும் மட்டும் கூடப் போவார்கள், மேக்கப் ஆர்ட்டிஸ்ட் பெரும்பாலும் காபி குடிக்கப் போயிருப்பார். மேடையில் எல்லோரும் மாப்பிள்ளையை எடுத்துக்கொண்டிருக்கும்போது ஒரே ஒருவர் மட்டும் 35 மிமீ மாட்டிய கேமராவோடு அந்த அறை வாசலில் நிற்கட்டும். புடவை கட்டி முடித்ததும் கதவைத் திறக்கச் சொல்லி முன்பே பேசி வையுங்கள். காலையில் அணைத்த மஞ்சள் பல்புகளை இதற்குள் யாராவது திரும்பப் போட்டிருப்பார்கள். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.