முக ஊசி வீக்கமும் ‘மூன்று நாள் மசாஜ்’ தகவலும்

“முகத்தில் அழகு ஊசி போட்டபின் வீக்கமோ இமை சரிவோ வந்தால் சூடான ஒத்தடம் கொடுத்து நன்றாக மசாஜ் செய்யுங்கள், மூன்றே நாளில் போய்விடும், டாக்டர் வேண்டாம்” என்று தருமபுரி, கிருஷ்ணகிரி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு.

பாலக்கோட்டில் எனக்குத் தெரிந்த ஒரு பெண் இதை நம்பித் தேய்த்துக்கொண்டே இருந்தார். ஒரு கண் பாதி மூடியபடி, தலையைப் பின்னால் சாய்த்துத்தான் எதிரில் இருப்பவரைப் பார்த்தார். மனசு கேட்கவில்லை.

அழகு ஊசிகளில் ஒன்றான போடாக்ஸ் தசையைத் தளரச் செய்யும் மருந்து. அதன் வேலை பொதுவாக மூன்று, நான்கு மாதம் நீடிக்கும். இமை சரிவும் சரியாகச் சில வாரங்கள் ஆகும். தேய்த்தால் மருந்து பக்கத்துத் தசைக்கும் பரவலாம். விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் வந்தால் உடனே 108. இந்த அபாயம் ஊசி போட்ட சில வாரம் கழித்தும் வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2009-லேயே எச்சரித்தது, அதன் இணையதளத்தில் பார்க்கலாம்.

ஃபில்லர், அதாவது தோலுக்கடியில் நிரப்பும் ஊசி, வேறு. அதில் மாதங்கள் கழித்தும் கட்டி வரலாம். ஹையலூரானிக் அமில வகை என்றால் கரைக்க ஊசி இருக்கிறது. தோல் வெளுத்துக் கடுமையாக வலித்தாலோ, பார்வை மங்கினாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள்.

சந்தேகம் இருந்தால் 104 மருத்துவ ஆலோசனை எண்ணை அழையுங்கள், அல்லது தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் டாக்டரிடம் காட்டுங்கள். அந்தத் தகவலை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால், சரி, அதே குழுவில் இதைப் போட்டுவிடுங்கள்.