எழுத ஆள் இருக்கு, படிக்கத்தான் ஆள் இல்லை

தமிழ் எழுத்துகளைச் சீர்படுத்தும் சின்ன பைத்தான் லைப்ரரி ஒன்றை, அதாவது மற்றவர்கள் தங்கள் மென்பொருளில் எடுத்து வைத்துக்கொள்ளும் கோடுத் தொகுப்பு ஒன்றை, சில வருடங்களாகப் பராமரித்து வருகிறேன். வீடு தண்டையார்பேட்டை, வேலை சிறுசேரி, ராத்திரி சாப்பிட்டு முடித்த பிறகு இந்த லைப்ரரி. இதிலிருந்து எனக்கு உறுதியாகிவிட்ட ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். நம்ம ஊரில் கோடு, அதாவது கம்ப்யூட்டர் நிரல், எழுத ஆளுக்குப் பஞ்சமே இல்லை. இன்னொருத்தர் எழுதியதைப் பொறுமையாகப் படித்து, கேள்வி கேட்டு, "இது சரி, நான் பொறுப்பு" என்று சொல்லத்தான் ஆள் இல்லை. அப்படிப்பட்டவர்களை வளர்க்காமல், பிள்ளைகளை "புல் ரிக்வெஸ்ட் போடு, புல் ரிக்வெஸ்ட் போடு" என்று விரட்டுவது லைப்ரரிக்கும் கெடுதல், அந்தப் பிள்ளைகளுக்கும் கெடுதல்.

இந்தத் துறையில் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஓப்பன் சோர்ஸ் கோடு எல்லோருக்கும் திறந்தே இருக்கும். யார் வேண்டுமானாலும் அதில் ஒரு மாற்றம் செய்து, "இதைச் சேர்த்துக்குங்க" என்று அனுப்பலாம். அதுதான் புல் ரிக்வெஸ்ட். அனுப்பியவரின் வேலை அதோடு முடிந்துவிடலாம். வாங்குபவருக்கு அப்போதுதான் வேலை ஆரம்பம். இது வேறு எதையாவது உடைக்கிறதா? சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கும் டெஸ்ட் எழுதியிருக்கிறார்களா? எங்கிருந்தாவது எடுத்திருந்தால் அந்த லைசென்ஸ் நம்முடையதோடு ஒத்துப்போகிறதா? நாளைக்கு இதைத் திருத்த வேண்டி வந்தால் யார் திருத்துவது? மெர்ஜ் செய்த, அதாவது சேர்த்துக்கொண்ட, நிமிடத்திலிருந்து அந்த வரிகள் பராமரிப்பவர் தலையில். அனுப்பிய பிள்ளை வேலை கிடைத்து பெங்களூர் போய்விடும். பிழை என்று வருகிறவர்கள் என்னிடம்தான் வருவார்கள்.

இப்படிப் படித்துச் சரிபார்ப்பதுதான் ரிவ்யூ. அது என்ன என்பதற்கு எங்கள் லைப்ரரியிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கொஞ்சம் நுணுக்கமான விஷயம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

"கொ" என்ற எழுத்து திரையில் ஒன்றுதான். கம்ப்யூட்டருக்குள் அது இரண்டு விதமாக இருக்கலாம். க-வோடு ஒகரக் குறி ஒன்றாகவே சேர்ந்து நிற்கலாம்; அல்லது க, ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று மூன்று துண்டாகக் கிடக்கலாம். இரண்டும் சமம் என்று, கம்ப்யூட்டரில் எழுத்துகளுக்கான பொது விதியான யூனிகோட் தரமே சொல்கிறது, ஒன்றாக்கும் வசதி பைத்தானிலேயே இருக்கிறது. ஆனால் துணைக்கால் முதலிலும் கொம்பு பின்னாலும் வந்துவிட்டால் அந்த வசதி கைகொடுக்காது. பழைய எழுத்துருவில் அடித்து, பிறகு யூனிகோடுக்கு மாற்றிய கோப்புகளில் இப்படி வரிசை குலைந்த எழுத்துகள் வரும். பெயர்ப் பட்டியலில் ஒருத்தர் பெயர் கண்ணெதிரே இருக்கும், தேடினால் கிடைக்காது. இந்த மாதிரிக் கோளாறுகளைச் சரிசெய்யத்தான் எங்கள் லைப்ரரி.

ஔகாரம் இன்னும் சிக்கல். "சௌகரியம்" என்று எழுதும்போது ச-வுக்கு ஔகாரக் குறி வர வேண்டும். நிறையப் பேர் ஒற்றைக்கொம்பு போட்டு, பக்கத்தில் ள-வைத் தட்டிவிடுவார்கள். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஒரு மாணவர் இதைச் சரிசெய்ய புல் ரிக்வெஸ்ட் அனுப்பினார். ஒற்றைக்கொம்புக்குப் பின்னால் குறி எதுவும் சேராத வெறும் ள வந்தால் அதை ஔகாரக் குறியாக மாற்று என்பது அவர் விதி. யோசித்துத்தான் எழுதியிருந்தார். "தெளிவு" கெடாது, ளி-யில் குறி இருக்கிறது. "வெள்ளம்" கெடாது, புள்ளி இருக்கிறது. "பௌர்ணமி", "கௌரவம்" எல்லாம் அழகாகச் சரியாயின. டெஸ்ட் அத்தனையும் பச்சை, அதாவது பாஸ்.

காசிமேட்டிலிருந்து வரும் ஒரு தம்பி அதை ரிவ்யூ செய்தான். பாலிடெக்னிக் படித்தவன். எங்கள் லைப்ரரியில் அவன் எழுதிய கோடு ரொம்பக் குறைவு. அவன் கேட்ட ஒரே கேள்வி: "அக்கா, எங்க ஊட்ல வெளக்குன்னுதான் சொல்வோம், வாட்ஸ்அப்லயும் அப்டித்தான் அடிப்போம். அது இன்னா ஆவும்?"

ஓட்டிப் பார்த்தோம். "வெளக்கு" போனது. "கெளம்பு" போனது. "வெளக்கமாறு" போனது. போனது என்றால் கண்ணுக்குத் தெரியாது, அதுதான் ஆபத்து. திரையில் எழுத்து அப்படியே இருக்கும். உள்ளே வேறு எழுத்தாகிவிட்டிருக்கும். தேடினால் அகப்படாது. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் ஸ்கிரீன் ரீடர் அதை வேறு சொல்லாகப் படிக்கும். அகராதிச் சொற்களை மட்டும் வைத்து டெஸ்ட் எழுதியவரைக்கும் இது யாருக்கும் தெரிந்திருக்காது. வடசென்னை வீட்டில் பேசுகிற தமிழ் காதில் இருந்தவனுக்குத்தான் அந்தக் கேள்வி வந்தது. இன்று அந்த மாற்றம் லைப்ரரியில் இருக்கிறது, ஆனால் தானாக ஓடாது. வேண்டும் என்று கேட்பவர்களுக்கு மட்டும் ஓடும். டெஸ்ட் கோப்பில் பேச்சுவழக்குச் சொற்களுக்குத் தனிப் பகுதியே போட்டிருக்கிறோம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். புல் ரிக்வெஸ்ட் போட்டவருக்கு கோடைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் அவர் பக்கத்தில், பங்களிப்பைக் காட்டும் பச்சைக் கட்டம் விழுந்தது, ரெஸ்யூமில் ஒரு வரி ஏறியது. அவருக்கு அது நியாயமாகவே சேர வேண்டும். பிழையைத் தடுத்த தம்பியிடம் இன்டர்வியூவில் "எத்தனை பிஆர் (புல் ரிக்வெஸ்ட்) மெர்ஜ் ஆச்சு?" என்று கேட்கிறார்கள். அவன் கேட்ட கேள்வியின் மதிப்பு அந்த எண்ணிக்கையில் எங்குமே வராது.

இந்த எண்ணிக்கை மோகம் கல்லூரிகளுக்குள்ளும் வந்துவிட்டது. ஒரு கல்லூரியில் இன்டர்னல் மார்க்குக்கே மெர்ஜ் ஆன புல் ரிக்வெஸ்ட் காட்ட வேண்டுமாம். அந்த வாரம் எங்களுக்கு வந்தவை எல்லாம் ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் ஒரு கமா, ஒரு காலி வரி, சிலதில் மாணவரின் பெயர் மட்டும். பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை. "அக்கா, ப்ளீஸ், நாளைக்கு லாஸ்ட் டேட்" என்று ஒரு பெண் கேட்டபோது வருத்தம்தான் வந்தது. இரண்டாம் வருடம் படிக்கிற பெண், ஒரு நல்ல இஷ்யூ, அதாவது பிழைக் குறிப்பு, எழுதுவது எப்படி என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எண்ணிக்கை காட்டு என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.

உலகம் இதை ஏற்கெனவே பார்த்துவிட்டது. 2020 அக்டோபரில், ஓப்பன் சோர்ஸுக்குப் பங்களிக்க ஊக்குவிக்கும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்ச்சியில் நான்கு புல் ரிக்வெஸ்டுக்கு ஒரு டி-ஷர்ட் என்றார்கள். குப்பையாக வந்து குவிந்ததில், சம்மதம் சொன்ன ரெப்போக்கள் (ஒரு திட்டத்தின் கோடு இருக்கும் இடங்கள்) மட்டும்தான் கணக்கில் வரும் என்று நடுவிலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. 2024 தொடக்கத்தில், வெப்சைட் கட்ட உதவும் எக்ஸ்பிரஸ் லைப்ரரியின் ரீட்மீயில் பெயர் சேர்க்கச் சொல்லும் புல் ரிக்வெஸ்டுகள் வரிசைகட்டி வந்தன. ஒரு பாடக் காணொளியைப் பார்த்து அப்படியே செய்த நம் நாட்டு மாணவர்கள் அதில் நிறைய. இப்போது ஏஐ வேறு வந்துவிட்டது. இணையத்தில் தரவை அனுப்பவும் எடுக்கவும் உதவும் கர்ல் திட்டத்தில் பாதுகாப்புப் பிழை கண்டுபிடிப்பவர்களுக்குப் பணம் கொடுத்துவந்தார்கள். ஏஐ எழுதித் தந்த பொய்யான பிழை அறிக்கைகளைப் படித்துப் படித்து அலுத்துப்போய், 2026 ஜனவரியோடு அதை நிறுத்தினார்கள். எழுதுவதற்கு ஆகும் நேரம் நொடிகளாகச் சுருங்கிவிட்டது. படிப்பதற்கு ஆகும் நேரம் சுருங்கவே இல்லை.

படிப்பவர் தனியாளாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு எக்ஸ்இசட் விவகாரத்தை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். கோப்புகளைச் சுருக்கும் லைப்ரரி அது, லினக்ஸ் இயங்குதளம் ஓடும் பெரும்பாலான இடங்களில் இருக்கும். ஃபின்லாந்தைச் சேர்ந்த லாஸ்ஸே கொலின் சம்பளமே இல்லாமல், ஏறக்குறைய தனியாளாகப் பராமரித்து வந்தார். 2022-ல் முகம் தெரியாத சில பெயர்கள் வந்து, வேலை நகரவில்லை, வேறு ஆளிடம் கொடு என்று அவரை நெருக்கின. மனநலம் சரியில்லை, இது சம்பளமில்லாமல் செய்கிற வேலை என்று அவர் வெளிப்படையாகவே எழுதினார். அந்த நேரத்தில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பொறுமையாக உதவிக்கொண்டிருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக ரிலீஸ், அதாவது புதுப் பதிப்பு, போடும் உரிமையே அந்தப் பெயருக்குப் போனது. 5.6.0, 5.6.1 என்ற இரண்டு ரிலீஸிலும் பேக்டோர், அதாவது வெளியாள் ரகசியமாக நுழைய ஒரு கள்ள வழி, இருந்தது. அதன் ஒரு துண்டு ரெப்போவில் இல்லவே இல்லை, ரிலீஸ் கோப்பில் மட்டும் இருந்தது. மற்றது டெஸ்ட் கோப்பு என்ற பெயரில் உள்ளே வந்திருந்தது. வேறொரு கணினிக்குள் தூரத்திலிருந்து நுழையும் எஸ்எஸ்ஹெச் லாகின் அரை நொடி தாமதமாகிறதே என்று விடாமல் துருவிய ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற புரோகிராமர் 2024 மார்ச் 29 அன்று அதை வெளியே சொன்னார்.

இதிலிருந்து பலர் எடுத்துக்கொண்ட பாடம், புதிதாக வருகிறவர்களை நம்பாதே என்பது. எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. வருகிறவர்களை எல்லாம் சந்தேகப்பட்டால், ஏற்கெனவே தனியாக இருக்கிறவர் இன்னும் தனியாகிவிடுவார். கொலினின் பக்கத்தில் மூன்று நான்கு பேர் இருந்திருந்தால் அந்த நெருக்கடியை அவர் ஒருவரே தாங்கியிருக்க வேண்டாம். ரிலீஸ் கோப்பையும் ரெப்போவையும் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கண் இருந்திருக்கும். நம்பிக்கை வேண்டும், அது பலரிடம் பரவியிருக்க வேண்டும், ஒருவர் செய்ததை இன்னொருவர் பார்க்க வேண்டும்.

இந்த விஷயத்தில் வடசென்னைக்கு ஒரு பலம் இருக்கிறது என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். நெருக்கமான ஊர் இது. பெரம்பூரில் ஒரு தோழியின் டியூஷன் சென்டரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் கூடுகிறோம். வியாசர்பாடியிலிருந்தும் கொருக்குப்பேட்டையிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். 2021-ல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்ததிலிருந்து திருவொற்றியூர்ப் பிள்ளைகளுக்கும் பயணம் சுலபமாகிவிட்டது. ஒரு புல் ரிக்வெஸ்டைத் திரையில் போட்டு எல்லோரும் சேர்ந்து படிப்போம். புதிதாக வருகிறவர்களை முதல் சில வாரம் கோடு எழுத விடுவதில்லை. இஷ்யூக்களைப் படிக்க வேண்டும், சொன்ன பிழை தன் கணினியில் வருகிறதா என்று பார்க்க வேண்டும், வந்தால் எப்படி வந்தது என்று தெளிவாக எழுத வேண்டும். சில பேருக்கு இது சலிப்பு, போய்விடுவார்கள். இருக்கிறவர்கள் மற்றவர் கோடைப் படிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். கொளத்தூரில் 2024-ல் திறந்த முதல்வர் படைப்பகம் போன்ற இடங்களிலும் இப்படிக் குழுக்கள் உட்கார வேண்டும் என்பது என் ஆசை. சாஃப்ட்வேர் கூட்டம் என்றாலே தரமணிக்கும் ஓஎம்ஆருக்கும்தான் போக வேண்டும் என்ற நிலை மாற வேண்டும்.

நிறுவனங்களுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் லைப்ரரியைத் தங்கள் பொருளுக்குள் வைத்து விற்கிற ஒரு நிறுவனத்திலிருந்து, "கஸ்டமர் காத்திருக்கிறார், இன்றைக்குள் சரிசெய்யவும்" என்று இஷ்யூ போட்டார்கள். ஒரு பைசா கொடுத்ததில்லை, ஒரு ஆளை அனுப்பியதில்லை. 1918-ல் பெரம்பூர் மில் தொழிலாளர்களுக்காக மெட்ராஸ் லேபர் யூனியன் உருவான பகுதி இது. உழைப்புக்கு மரியாதை கேட்பதில் எங்களுக்குக் கூச்சம் கிடையாது. இலவசமாகக் கிடைக்கும் கோடை எடுத்துக்கொள்ளுங்கள், லைசென்ஸ் அதை அனுமதிக்கிறது. கெடு வைக்கிற உரிமையை எந்த லைசென்ஸும் உங்களுக்குத் தரவில்லை. 2014-ல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்புப் பிழை வெளியானபோதுதான், இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற பாதுகாப்பு லைப்ரரிக்கு வருடத்துக்குச் சுமார் 2,000 டாலர்தான் நன்கொடை வந்துகொண்டிருந்தது என்று வெளியே தெரிந்தது. நம் நாட்டிலேயே பங்கு வர்த்தக நிறுவனமான ஜெரோதா 2024-ல் ஓப்பன் சோர்ஸ் திட்டங்களுக்காக வருடம் 10 லட்சம் டாலர் நிதி ஒன்றை அறிவித்தது, நல்ல ஆரம்பம். எங்களைப் போன்ற சின்ன லைப்ரரிக்குப் பணத்தைவிட ஆள் நேரம்தான் தேவை. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் உங்கள் ஊழியர் ஒருவரை ரிவ்யூவுக்கு அனுப்புங்கள். ஆபீஸ் நேரத்தில் அனுப்புங்கள்.

அடுத்த ரிலீஸை நான் போடப்போவதில்லை. காசிமேட்டுத் தம்பியும், வியாசர்பாடியிலிருந்து வரும் இன்னொரு பெண்ணும் போடுகிறார்கள். பைத்தான் லைப்ரரிகளை வெளியிடும் பைபிஐ தளத்தின் கணக்கில் இருவருக்கும் உரிமை கொடுத்தாயிற்று. ஒருவர் கோப்பைத் தயார் செய்வார், மற்றவர் ரெப்போவோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அது வெளியே போகும். இப்போது எங்களுக்கு வேண்டியது, தமிழில் எழுதிய பயன்பாட்டு விளக்கத்தைப் படித்து, எங்கே புரியவில்லை என்று குறித்துத் தர ஒருவர். கோடு தெரிந்திருக்க வேண்டியதில்லை. டிடிபி வேலை செய்கிறவர், பழைய எழுத்துருக் கோப்புகளோடு மல்லுக்கட்டுகிறவர் என்றால் ரொம்ப நல்லது. ஞாயிற்றுக்கிழமை காலை பெரம்பூர் வர முடிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், இடம் அனுப்புகிறேன்.