சாதுவான சொற்கள்தான் சட்ட அகராதியின் பெரும்பாடு

சட்ட ஆவணங்களை மொழிபெயர்க்கத் தொடங்கிய புதிதில் லத்தீன் தொடர்களைக் கண்டுதான் பயந்தேன். 'ரெஸ் ஜுடிகாட்டா' (ஏற்கெனவே தீர்ப்பாகி முடிந்த விவகாரம்) என்று வந்தால் கை தானாக அகராதியைப் புரட்டும். என் காலை வாரியது 'கன்சிடரேஷன்'. ஓர் ஒப்பந்தத்தில் அதைப் 'பரிசீலனை' என்று எழுதிவிட்டேன். ஒருவர் தரும் வாக்குறுதிக்கு ஈடாக மற்றவர் தருவதையோ செய்வதையோ குறிக்கும் சொல் அது, தமிழில் மறுபயன். பழகிய சொல்லாயிற்றே என்று அகராதியைத் தொடவே இல்லை.

ஆங்கிலச் சட்ட அகராதி தொகுப்பவர்களுக்கும் இதே இடத்தில்தான் சிக்கல் என்று நினைக்கிறேன். லத்தீன் சொல் கலைச்சொல் என்று பார்த்ததும் தெரிந்துவிடும். பார்ட்டி, சர்வீஸ், ரிலீஃப் போன்றவை அன்றாடப் பேச்சிலும் உண்டு, நீதிமன்றத்திலும் உண்டு, பொருள் மட்டும் வேறு: அங்கே பார்ட்டி வழக்கின் தரப்பு, சர்வீஸ் ஆவணத்தை முறைப்படி சேர்ப்பித்தல், ரிலீஃப் நீதிமன்றம் தரும் பரிகாரம். இப்படி எத்தனை சொற்களைச் சேர்ப்பது? 1893இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இறக்குமதி வரிக்காகத் தக்காளியைக் காய்கறி என்று தீர்ப்பளித்தது. அதற்காகத் தக்காளியைச் சட்டக் கலைச்சொல்லாகப் பதிவு செய்ய வேண்டியதில்லை என்பதே என் கருத்து. நீதிபதிகள் பொருள் சொன்ன சொற்களைத் திரட்டுவதற்கென்றே 1890இல் ஸ்ட்ரௌட் தனி அகராதி போட்டார். அது வேறு வகை, வேறு தேவை.

அகராதியின் ஒரு வரி ஒருவரின் சிறைக்காலத்தைத் தொடக்கூடும் என்பதுதான் என்னை மிகவும் உறுத்துவது. போதைப்பொருள் குற்றத்தின்போது துப்பாக்கியைக் 'கேரி' செய்தால் (எடுத்துச் சென்றால்) கூடுதலாக ஐந்தாண்டுச் சிறை என்கிறது ஓர் அமெரிக்கச் சட்டம். வண்டியின் முன்பெட்டியில் பூட்டி வைத்திருந்தால் அது 'கேரி'யா? 1998இல் மஸ்கரெல்லோ வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-4 என்று பிரிந்து, ஆம் என்றது. இரு தரப்பு நீதிபதிகளும் அகராதிகளைப் புரட்டினார்கள். 'ஆயுதம் கேரி செய்தல்' என்றால் உடலிலோ உடையிலோ சட்டைப்பையிலோ வைத்திருப்பது என்ற அமெரிக்காவின் பிளாக் சட்ட அகராதியின் வரையறையை, மாறுபட்ட சிறுபான்மை நீதிபதிகள் பிடித்துக்கொண்டார்கள். அந்த வரையறை இந்தச் சட்டச் சொல்லைக் கட்டுப்படுத்தாது என்றது பெரும்பான்மை. தொகுப்பாளர் தீர்ப்புகளைப் படித்து வரையறை எழுதுகிறார், நீதிபதி அந்த வரையறையைப் படித்துத் தீர்ப்பு எழுதுகிறார். இந்தச் சுழல் தெரிந்தும் ஆதாரம் காட்டாமல் வரையறை எழுதுவது பெரிய தவறு.

வரையறை அரசியலிலும் போய் முட்டும். 1607இல் வெளிவந்த ஜான் கோவலின் சட்ட அகராதி மன்னரின் அதிகாரத்தை வானளாவ உயர்த்தி விளக்கியதாக இங்கிலாந்து நாடாளுமன்றம் கொதித்தது. 1610இல் மன்னர் முதலாம் ஜேம்ஸே அந்த நூலைத் தடை செய்தார்.

நாடும் காலமும் இன்னொரு தொல்லை. 'ஃபெலனி' (கடுங்குற்றம்) என்ற குற்றப்பிரிவை இங்கிலாந்து 1967இல் கைவிட்டது. அமெரிக்காவில் அது இன்றும் அன்றாட வழக்கு. வழக்கொழிந்த சொல் என்று குறிப்பதா, கூடாதா? தீர்ப்புகளின் வழியே வளர்ந்த இங்கிலாந்தின் பழைய பொதுச்சட்டத்தில் 'பர்க்ளரி' என்றால் இரவில் பிறர் குடியிருக்கும் வீட்டை உடைத்து, உள்ளே குற்றம் செய்யும் எண்ணத்தோடு நுழைவது. 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டம் வந்தபின் இங்கிலாந்தில் இரவும் தேவையில்லை, குடியிருக்கும் வீடும் தேவையில்லை. வழக்குத் தொடுப்பவர் அங்கே 1999 வரை 'பிளெயின்டிஃப்', பிறகு 'கிளெய்மன்ட்'. ஸ்காட்லாந்தில் அவரே 'பர்சூவர்'. பழையதை நீக்கவும் வழியில்லை, பழைய தீர்ப்புகளையும் பத்திரங்களையும் இன்றும் படித்தாக வேண்டுமே.

ஒவ்வொரு பொருளுக்கும் எந்த நாட்டுச் சட்டம், எப்போதிலிருந்து, எதுவரை, எந்தச் சட்டப்பிரிவு அல்லது தீர்ப்பு என்று அகராதி சொல்லியே ஆக வேண்டும். புத்தகம் தடிக்கும், விலை கூடும். கூடட்டும்.

என் குறிப்பேட்டில் இப்போது 'கன்சிடரேஷன்' இரண்டு இடங்களில் இருக்கிறது. இங்கிலாந்தின் பொதுவிதிப்படி, வாக்குறுதியைப் பெறுபவரே மறுபயனைத் தர வேண்டும். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, அவருக்காக வேறொருவர் தந்தாலும் செல்லும்.