சாணத்தின் உரச்சத்து வாயுவோடு போய்விடாது
"சாணத்தை எரிவாயுக் கலனில் போட்டால் சத்தெல்லாம் அடுப்பில் எரிந்துவிடும், வயலுக்குச் சக்கைதான் மிஞ்சும்" என்று ஒரு கருத்து உண்டு. இது சரியல்ல. காற்றுப் புகாத அந்தக் கலனில் சாணம் நொதித்து வரும் எரிவாயு பெரும்பாலும் மீத்தேனும் கரியமில வாயுவும்தான். இரண்டிலும் தழைச்சத்து (நைட்ரஜன்) கிடையாது, போவது கார்பன். தழைச்சத்தும், மணிச்சத்தும் (பாஸ்பரஸ்), சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) ஏறக்குறைய முழுதாகக் கலனிலிருந்து வெளிவரும் கழிவுக் கரைசலிலேயே தங்கிவிடும். சொல்லப்போனால் தழைச்சத்தில் ஒரு பகுதி அம்மோனியமாக மாறி, பயிர் உடனே எடுத்துக்கொள்ளும் நிலைக்கு வருகிறது. உண்மையில் வறட்டி தட்டி எரித்தால்தான் தழைச்சத்தின் பெரும்பகுதி புகையோடு போகும். அந்தப் புகையைச் சுவாசிப்பவர் அடுப்படியில் நிற்பவர்.

கரைசலிலும் கவனம் வேண்டும். வெயிலில் காயவிட்டால் அந்தத் தழைச்சத்து அம்மோனியா வாயுவாகக் காற்றில் போய்விடும். அதனால் நிழலில், மூடிய குழியில் வையுங்கள். வயலில் விட்டதும் மண்ணோடு கலந்துவிடுங்கள்.