ரெஜி மில்லரின் அக்காவாம்!

நேற்று அந்தப் பதிவைப் பார்த்திருப்பீர்கள். பேர் சொல்லி இன்னும் நாலு பேரை அங்கே அனுப்ப எனக்கு இஷ்டமில்லை. அமெரிக்க பேஸ்கட்பால் வீராங்கனை ஷெரில் மில்லர் படத்தைப் போட்டு, "ரெஜி மில்லரின் அக்கா, இவரும் பேஸ்கட்பால் ஆடியவர்" என்று எழுதியிருந்தார்கள். இவரும்! அந்த "உம்" ராத்திரி முழுக்கத் தொண்டையில் முள் மாதிரி நின்றது.

1982 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் ரிவர்சைடு பாலி பள்ளிக்காக ஒரே ஆட்டத்தில் 105 பாயிண்ட் அடித்தவர் அவர். அன்றைக்குத் தம்பியும் தன் ஆட்டத்தில் நாற்பதுக்குப் பக்கத்தில் அடித்துவிட்டுப் பெருமையாக வீட்டுக்கு வந்தாராம், அக்கா கணக்கைக் கேட்டதும் கப்சிப். ரெஜியே சொல்லிச் சிரிக்கிற கதை இது.

ஸ்கோர் 179-15, எதிரணி சொத்தை என்பீர்கள். சரி, சொத்தைதான். யுஎஸ்சி-க்கு (சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) 1983, 84 என்று அடுத்தடுத்து இரண்டு தேசியக் கல்லூரிப் பட்டம் வாங்கிக் கொடுத்ததும் சொத்தைகளிடமிருந்தா? 84 ஒலிம்பிக் தங்கம்? (சோவியத் வராத ஒலிம்பிக் என்று ஒருத்தர் வருவார். வரட்டும்.)

எனக்கு நிஜமாக வலிப்பது அதற்கு அப்புறம் நடந்தது. 1987-இல் தம்பி என்பிஏ-வில், அதாவது ஆண்களின் தொழில்முறை லீக்கில், இண்டியானா பேசர்ஸ் அணிக்குப் போய் 18 சீசன் ஆடினார். ஒரு வருஷம் முன்பே கல்லூரி முடித்த அக்காவுக்குப் போக அமெரிக்காவில் பெண்களுக்கென்று ஒரு தொழில்முறை லீக்கே இல்லை, கொஞ்சம் தாக்குப்பிடித்த ஒன்றும் 1981-இலேயே மூடியாகிவிட்டது, போதாததற்கு முழங்காலும் போனது. யுஎஸ்சி-க்கே கோச்சாகத் திரும்பி வந்து இரண்டு சீசனில் 42 வெற்றி, 14 தோல்வி. 1997-இல் பெண்களுக்கான தொழில்முறை லீக் டபிள்யூஎன்பிஏ தொடங்கியபோது அவருக்கு 33 வயது. அதில் ஃபீனிக்ஸ் மெர்க்குரி அணியின் கோச்சும் ஜெனரல் மேனேஜரும் அவரேதான். அதே அணியில் 39 வயது நான்சி லீபர்மேன் ஷூ மாட்டிக்கொண்டு ஆடினார், இவர் ஓரத்தில் நின்று ஆட்டத்தைப் பார்த்தார். அந்த நிமிஷங்களில் என்ன நினைத்திருப்பார்?

"கோச்சாக ஒரு கப்பும் ஜெயிக்கலையே" என்று ஒரு கமெண்ட். டபிள்யூஎன்பிஏ-வில் இல்லைதான். அணி பிறந்த இரண்டாவது வருஷமே ஃபைனல்ஸுக்குக் கொண்டுபோய், முதல் ஆட்டத்தை ஜெயித்து, அப்புறம் ஹூஸ்டன் அணியிடம் 2-1 என்று தோற்றார். அந்த ஹூஸ்டனிடம் அன்றைக்கு யார்தான் தோற்கவில்லை? வீட்டில் சோபாவில் உட்கார்ந்துகொண்டு கப் எண்ணுவது சுலபம்.

"தெரியாதவர்களுக்குப் புரியட்டும் என்றுதானே தம்பி பேரைப் போட்டோம்" என்பவர்களுக்கு: பேஸ்கட்பால் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் அக்கா நுழைந்தது 1995, தம்பி 2012. பதினேழு வருஷம் ரெஜியை "ஷெரிலின் தம்பி, இவரும் ஆடுவார்" என்று யாராவது எழுதினீர்களா? எழுதியிருந்தால் இந்தப் பதிவை அழித்துவிடுகிறேன்.

ஆமாம், கோபமாகத்தான் இருக்கிறேன், இது வெறும் ஷெரில் மில்லர் விஷயமும் இல்லை. பள்ளியில் நான் டீம் கேப்டன். ஆண்டு விழாவில் கோப்பை வாங்க மேடை ஏறினால் மைக்கில், "நம்ம ஸ்டார் பிளேயரோட அக்கா, இவங்களும் நல்லா ஆடுவாங்க." அந்த ஸ்டாருக்கு லே-அப் (ஓடிவந்து கூடைக்குப் பக்கத்தில் பந்தைப் போடுவது) போடக் கற்றுக்கொடுத்ததே நான், வெயிலில், செருப்பில்லாமல், பந்தில் காற்றுக்கூடச் சரியாக இருக்காது. இருபது வருஷம் கழித்தும் அதே "உம்".

அந்தப் பதிவுக்கு விழுந்திருக்கிற சிரிப்பு எமோஜிகளில் ஒன்று என் தம்பியுடையது. ராத்திரியே போன் போட்டேன். எடுக்கவில்லை.