கறுப்பனுக்கு ஒரு வீடு

"கோயில் பக்கம் விட்டுடுங்க, அன்னதானச் சோறு கிடைக்கும், பொழைச்சுக்கும்." எங்கள் நாய் கறுப்பனுக்காக இந்த யோசனையை எனக்கு மூன்று பேர் சொன்னார்கள். மூவருமே சாமி கும்பிடுகிறவர்கள்.

பினாங்கு குளுகோரில் நாங்கள் இருந்த வாடகைத் தரைவீட்டை உரிமையாளர் விற்றுவிட்டார். ரெலாவில் பதினோராவது மாடிக்குப் போகிறோம், அங்கே நாய் வைத்துக்கொள்ள நிர்வாகம் விடாது. கறுப்பனுக்கு ஏழு வயது. பூனையாக இருந்திருந்தால் பக்கத்து வீட்டு மலாய்க்கார மாக்சிக் அன்றைக்கே தூக்கிக்கொண்டு போயிருப்பார்.

வீட்டில் வளர்ந்த நாய்க்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது. கோயிலடியில் ஏற்கெனவே இருக்கும் நாய்கள் கடித்துத் துரத்தும். 2015இல் பினாங்கில் வெறிநாய்க்கடி நோய் வந்தபோது தெருநாய்களைக் கொல்லச் சொல்லி மாநில அரசே முடிவெடுத்தது, அதற்குள் மறந்துவிட்டதா? அதே ஆண்டில் விலங்கு நலச் சட்டமும் நிறைவேறியது. வதைத்தால் அபராதமே 20,000 ரிங்கிட்டில்தான் தொடங்குகிறது.

ஜெலுத்தோங்கில் எஸ்.பி.சி.ஏ. என்ற பிராணிவதைத் தடுப்புச் சங்கத்தின் காப்பகம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் காப்பகம் என்பது போக்கிடமே இல்லாத பிராணிக்கான இடம். கையில் இரண்டு மாத அவகாசம் உள்ள நான் அந்த ஒரு கூண்டை அடைத்துக்கொள்வது நியாயமாகப் படவில்லை.

அதனால் நானே தேடினேன். பிராணிகளுக்கு வீடு தேடித் தரும் பெட்ஃபைண்டர் தளத்தில் போட்டேன், கிளினிக்கில் சொல்லி வைத்தேன், வாட்சாப் குழுக்களில் எல்லாரையும் தொல்லை செய்தேன். குறையையும் மறைக்கவில்லை: பூனையைக் கண்டால் துரத்துவான், தீபாவளிப் பட்டாசுக்குக் கட்டிலடியில் ஒண்ணுக்குப் போவான். மூன்று வாரம் ஒரு அழைப்பும் இல்லை. அப்புறம் ஒருவர் "அசல் சாதியா?" என்றார். இன்னொருவர் ஜூருவில் பட்டறை வைத்திருப்பவர், காவலுக்குக் கேட்டார். இரவும் பகலும் சங்கிலிதான் என்று அவர் பேச்சிலேயே தெரிந்தது. மாட்டேன் என்றேன். மனைவிக்குக் கோபம், வீடு மாற இருபது நாள்தான் இருந்தது.

கடைசியில் பாலிக் பூலாவிலிருந்து ஓய்வுபெற்ற சீனத் தம்பதி வந்தார்கள். நானும் அவர்கள் வீட்டுக்குப் போய் வேலியைப் பார்த்தேன், முன்பு இருந்த நாய் எப்படிப் போனது என்று கேட்டேன். மரியாதை இல்லாத கேள்விதான், ஆனால் கேட்டே ஆக வேண்டும். பத்து நாள் வைத்துப் பாருங்கள், ஒத்துவராவிட்டால் எந்நேரமும் கூப்பிடுங்கள், நான் வந்து கூட்டிக்கொள்கிறேன் என்றேன். தடுப்பூசிப் புத்தகம், அவன் படுக்கும் பழைய கைலி, தின்னும் தட்டு எல்லாவற்றையும் கொடுத்தேன். லைசென்ஸையும் மைக்ரோசிப்பையும் அவர்கள் பெயருக்கு மாற்றும் வேலை இன்னும் பாக்கி.

நான்காம் நாள் இரவு அந்த அம்மாவிடமிருந்து அழைப்பு. திருப்பிக் கொடுக்கத்தான் போகிறார் என்று கார் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டுதான் பேசினேன். "இவனுக்கு ஆங்கிலமும் புரியவில்லை, ஹொக்கியனும் புரியவில்லை. உட்கார் என்பதற்கு உங்கள் பாஷையில் என்ன?"

நேற்று ஒரு படம் அனுப்பியிருந்தார். குளிர்பெட்டிக் கதவில் ஒரு துண்டுச்சீட்டு. அதில் ஆங்கில எழுத்தில் உக்காரு, வா, வேணாம்.